நாகர்கோவிலிலிருந்து லண்டன்: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. நமக்கு ஏர்போர்ட் என்றால் திருவனந்தபுரம்தான். வளைகுடாவுக்குப் போய் வருகிறவர்களுக்கு அந்த வழி தலைமுறையாகப் பழக்கம். இப்போது நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் இங்கிலாந்து போகிற பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க அவர்கள் பின்னால் கிளம்பும் பெற்றோரும் கூடியிருக்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. விமான நேரங்கள் சீசனுக்குச் சீசன் மாறும். ஆகவே இங்குள்ள மணிக்கணக்கைத் திட்டம் போட வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் நேரத்துக்கு டிக்கெட்டைப் பாருங்கள்.

திருவனந்தபுரத்துக்கும் லண்டனுக்கும் இடையே தூரம் எவ்வளவு?

ஹீத்ரோ விமான நிலையம் வரை வான்வழியில் நேராக அளந்தால் ஏறத்தாழ 8,400 கி.மீ. மைல் கணக்கில் சுமார் 5,220. விமானிகள் பயன்படுத்தும் கடல்மைல் (ஒன்றுக்கு 1.852 கி.மீ.) கணக்கில் 4,530 அளவில் வரும். ஒரே தூரத்துக்கு இணையத்தில் மூன்று விதமான எண் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

காட்விக் நிலையத்தில் இறங்கினாலும் பெரிய வித்தியாசமில்லை. மான்செஸ்டர் என்றால் 130, 140 கி.மீ. கூடும். திருவனந்தபுரத்திலிருந்து துபாய் சுமார் 2,945 கி.மீ. அதை வைத்துப் பார்த்தால் லண்டன் கிட்டத்தட்ட மூன்று துபாய் தூரம்.

நேரடி விமானத்தில் எத்தனை மணி நேரம் ஆகும்?

திருவனந்தபுரத்திலிருந்து லண்டனுக்கு நேரடி விமானம் இல்லை. தூரம் கணக்கிடும் இணையப் பக்கங்கள் "பறக்கும் நேரம் 10 மணி 20 நிமிடம்" என்று கூசாமல் போடுவது வெறும் வகுத்தல் கணக்கு. அதை நீங்களே போடலாம்: கிலோமீட்டரை 850 ஆல் வகுத்து, ஏறவும் இறங்கவும் அரை மணி சேர்த்தால் போதும். துபாய்க்கு இந்தக் கணக்கில் 4 மணி நேரம் வருகிறது, ஏறக்குறைய சரி. துபாயிலிருந்து லண்டனுக்கு 7 மணி நேரம் வருகிறது. ஆனால் போகும்போது பெரும்பாலும் ஏழே கால் முதல் ஏழே முக்கால் வரை இழுக்கும். ஏன் என்பதைக் கீழே காற்றைப் பற்றிய பதிலில் பாருங்கள்.

அப்படியானால் உண்மையில் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

ஒரு மாதிரிப் பயணத்தைக் கையில் எடுப்போம். காலை 4.30க்குத் திருவனந்தபுரத்தில் புறப்பாடு, நான்கேகால் மணி நேரத்தில் துபாய். அங்கே மணி காலை 7.15. இரண்டரை மணி நேரம் காத்திருந்து 9.45க்கு அடுத்த விமானம். ஏழரை மணி நேரப் பறத்தல். குளிர்காலமானால் லண்டன் நேரம் பகல் 1.15க்கு இறங்குவீர்கள். அப்போது நம் ஊரில் மாலை 6.45.

இனி நாகர்கோவில் வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள். சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதால் இரவு 1.30க்கு ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும். வீட்டிலிருந்து 11 மணிக்காவது கார் கிளம்ப வேண்டும். ஹீத்ரோவில் குடிவரவு வரிசை, பெட்டி, அதன்பின் பிள்ளைகளின் வீடு வரை கார் அல்லது ரயில் என்று குறைந்தது இரண்டரை மணி நேரம். கூட்டினால் 22 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. அதில் ஆகாயத்தில் இருந்தது 11 மணி 45 நிமிடம்தான். மீதிப் பாதி முழுக்கத் தரையில் போகிறது.

ஆகவே, டிக்கெட் தேடும்போது "எது தூரம் குறைவு" என்று பார்ப்பதில் பயனில்லை. இடையில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், நம் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்ற இரண்டையும் பார்த்தால் போதும்.

துபாய், தோகா, மும்பை, டெல்லி: எந்த வழி குறுகியது?

வரைபடத்தில் பார்த்தால் துபாய் சுற்றுவழி போலத் தோன்றும். உண்மையில் அது வழியிலேயே இருக்கிறது. திருவனந்தபுரம்–துபாய், துபாய்–லண்டன் இரண்டையும் கூட்டினால் சுமார் 8,445 கி.மீ., நேர்வழியைவிட 50 கி.மீ.தான் கூடுதல். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகிற தூரம்கூட இராது. மும்பை வழி 70 கி.மீ. கூடும், தோகா வழி 110 கி.மீ. கூடும். இவற்றுக்குள் வித்தியாசம் நாலைந்து நிமிடப் பறத்தல், அவ்வளவே.

டெல்லி வழியாகப் போனால் 570 கி.மீ. கூடுகிறது. நேர் வடக்கே 2,230 கி.மீ. ஏறிவிட்டு அதன்பிறகு மேற்கே திரும்புவதால் வரும் வினை. இருந்தும் முக்கால் மணி நேரத்துக்குள்தான் இழப்பு. டெல்லியில் இரண்டரை மணி நேர இணைப்பும் துபாயில் ஆறு மணி நேர இணைப்பும் கிடைத்தால் டெல்லிதான் சீக்கிரம் கொண்டுசேர்க்கும். கொழும்பு வழியாக மலிவு டிக்கெட் கிடைக்கும் சமயங்கள் உண்டு. முதலில் 350 கி.மீ. பின்னோக்கிப் போய்விட்டுத்தான் லண்டன் பக்கம் திரும்புவீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இருக்கைத் திரையில் விமானம் வளைந்து வளைந்து போகிறதே, நேராகப் போகக் கூடாதா?

நேராகத்தான் போகிறது. உருண்டையான பூமியைத் தட்டையான திரையில் விரித்துக் காட்டுவதால் கோடு வளைகிறது. வீட்டில் பிள்ளைகளின் பூகோள உருண்டை இருந்தால் ஒரு நூலின் ஒரு முனையைத் திருவனந்தபுரத்திலும் மறுமுனையை லண்டனிலும் வைத்து இழுத்துப் பிடியுங்கள். நூல் மேற்கே போகாமல் வடமேற்காக ஏறும்: மங்களூருக்கு மேற்கே கடலின் மேல், பிறகு குவாதர் பக்கம் பலுசிஸ்தான் கரை, ஈரானின் தப்ரீஸ், கருங்கடல், சுலோவாக்கியா, ஜெர்மனி, அதன்பின் லண்டன். அரபு நாடுகளைத் தொடாமலேயே நூல் போய்விடும். ஆனாலும் துபாய் அந்த நூலுக்கு மிக அருகில் இருப்பதால்தான் 50 கி.மீ.க்கு மேல் கூடவில்லை.

அந்த நூல் போகிற நாடுகளில் சண்டை நடக்கிறதே?

அதனால்தான் விமானங்கள் நூல்வழியே போவதில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியது. டெல்லியிலிருந்து ஐரோப்பா போகும் இந்திய விமானங்களுக்குப் பறக்கும் நேரமும் எரிபொருளும் கூடியது அதனால்தான். 2025 ஜூனில் ஈரான் சண்டையின்போது வளைகுடா வான்வெளியே சில மணி நேரம் அடைபட்டு, தோகாவில் இறங்க வேண்டிய விமானங்கள் வேறு ஊர்களில் இறங்கின.

இப்படிப்பட்ட நாட்களில் தூரக் கணக்கெல்லாம் செல்லாது. கிளம்பும் நாள் காலையில் விமான நிறுவனத்தின் செயலியில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். முன்பதிவில் கொடுக்கும் கைபேசி எண் ஏஜென்டின் எண்ணாக இல்லாமல் உங்களுடையதாகவே இருக்கட்டும். நேரம் மாறினால் குறுஞ்செய்தி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

போகும்போது அதிக நேரம், வரும்போது குறைவு. ஏன்?

காற்றுதான். நடு அட்சரேகைப் பகுதிகளில் தரையிலிருந்து 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், அதாவது விமானம் பறக்கும் அதே மட்டத்தில், மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோட்டம் இருக்கிறது. குளிர்காலத்தில் அது மத்திய கிழக்கு, வட இந்தியா மேலெல்லாம் மணிக்கு 150 கி.மீ.க்கு மேலும் வீசும். லண்டன் போகும்போது அதை எதிர்த்துத் துழாவ வேண்டும். வரும்போது அதுவே முதுகில் கை வைத்துத் தள்ளும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். இருக்கைத் திரையில் 'தரை வேகம்' என்று ஒரு எண் ஓடும். ஜனவரியில் துபாயிலிருந்து லண்டன் போகும்போது அது 800 பக்கத்தில் முனகிக்கொண்டிருக்கும். திரும்பி வரும்போது அதே ரக விமானம் 1,000ஐத் தாண்டிக் காட்டுவதும் உண்டு. எஞ்சின் ஒன்றும் கூடுதலாக உழைக்கவில்லை. பக்கத்திலேயே வெளி வெப்பநிலை மைனஸ் 50, 55 என்று காட்டும். அந்தக் குளிரில் ஓடுகிற ஆறுதான் அது.

நம் ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கும் சங்கதி ஒன்று இதில் இருக்கிறது. ஆடி மாசம் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்றால் மேற்கேயிருந்து வரும் காற்று ஆளையே சாய்க்கும். முப்பந்தல் காற்றாலைகள் பிழைப்பதே அந்தக் காற்றில்தான். அதே ஆடியில் அதே இடத்துக்கு நேர் மேலே 12 கி.மீ. உயரத்தில் காற்று தலைகீழாக, கிழக்கேயிருந்து மேற்கே பாய்கிறது. வெப்பமண்டலக் கீழைத் தாரைக்காற்று என்று பெயர். 1950களில் இதை ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை திருவனந்தபுரம்–துபாய் கட்டத்தில் போகும்போது இந்தக் காற்று தள்ளிவிடும், வரும்போது எதிர்க்கும். லண்டன் கட்டத்துக்கு இது பொருந்தாது. அங்கே வருஷம் முழுவதும் மேலைக்காற்றின் ராஜ்ஜியம்தான்.

பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்கிறதே, அப்படியானால் மேற்கே போவதுதானே சீக்கிரம்?

பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள் பறப்பது. அதனால் சுழற்சியால் நேரடி லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

டிக்கெட்டில் காலை 4.30க்குக் கிளம்பி பகல் 1.15க்கு இறங்குவதாக இருக்கிறது. ஒன்பது மணி நேரம்கூட இல்லையே?

டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். குளிர்காலத்தில் இங்கிலாந்து நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள்; அப்போது வித்தியாசம் நாலரை மணி நேரமாகும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று பழையபடி மாற்றிவிடுவார்கள். துபாய் எல்லாக் காலத்திலும் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால், தோகா இரண்டரை மணி நேரம் பின்னால்.

சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ நேரம் பார்த்து மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குறிப்பாக இன்சுலின் போடுகிறவர்கள், இந்த ஐந்தரை மணி நேரத்தை எப்படிச் சமாளிப்பது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துகள் கைப்பையில் இருக்கட்டும்.

நாகர்கோவிலிலிருந்து ஏர்போர்ட் போக எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்?

8,400 கி.மீ. பயணத்தில் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத கட்டம் இந்த எழுபது சொச்சம் கி.மீ.தான். நள்ளிரவில் இரண்டு மணி நேரம் தாராளம். பகலில், அதுவும் சாயங்காலம் என்றால் மூன்று மணி நேரம் வைக்காமல் கிளம்பாதீர்கள். தக்கலை, தொடுவெட்டி (மார்த்தாண்டம்), களியக்காவிளை, பாலராமபுரம் ஒவ்வொன்றும் தன் பங்குக்குப் பிடித்து நிறுத்தும். மார்த்தாண்டத்தில் மேம்பாலம் வந்தபிறகு கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. எல்லை தாண்டியதும் காரோடு வழியாகக் கழக்கூட்டம் புறவழிச்சாலையைப் பிடித்தால் நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் நெரிசலைத் தவிர்த்து நேரே ஏர்போர்ட் பக்கம் போய்விடலாம். கொல்லங்கோடு, நித்திரவிளைப் பக்கத்தவர்களுக்குப் பூவார் வழியும் உண்டு, சாலை குறுகல்.

வாடகைக் கார் பேசும்போது கேரளப் பெர்மிட் உள்ள வண்டியா என்று கேட்டுவிடுங்கள். சொந்தக்காரரின் வண்டியை வாடகைக்குப் பேசிப் போய் எல்லையில் மாட்டிக்கொண்டால், உங்கள் அவசரம் அங்கே யாருக்கும் புரியாது.

சர்வதேச விமானங்கள் சாக்கை பக்கமுள்ள டெர்மினல் 2இலிருந்து கிளம்புகின்றன. சங்குமுகம் கடற்கரைப் பக்கமுள்ள டெர்மினல் 1 உள்நாட்டுப் பயணத்துக்கு. இரண்டுக்கும் நடுவே ஓடுதளம் கிடப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்து போக முடியாது, ரோட்டில் சுற்றித்தான் வர வேண்டும். மும்பை, டெல்லி வழி டிக்கெட் எடுத்தவர்கள் எந்த டெர்மினல் என்று டிக்கெட்டைப் பார்த்து டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ரயிலில் போவதானால் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சென்ட்ரல் 71 கி.மீ. அங்கிருந்து ஏர்போர்ட் ஆறேழு கி.மீ., ஆட்டோவோ டாக்சியோ எடுக்க வேண்டும். பகல் விமானத்துக்கு, பெட்டி குறைவாக இருந்தால், சாலை நெரிசலுக்கு இது மேல்.

கோவில் ஊர்வலத்துக்காக விமானங்களை நிறுத்துகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. பத்மநாபசுவாமி கோவில் ஆராட்டு ஊர்வலம் ஆண்டுக்கு இரண்டு முறை, பங்குனியிலும் ஐப்பசியிலும், ஓடுதளத்தைக் கடந்து சங்குமுகம் கடற்கரைக்குப் போகும். விமான நிலையம் வருவதற்கு முன்பிருந்தே ஊர்வலப் பாதை அதுதான். அந்த இரு நாட்களிலும் பிற்பகல் முதல் இரவு வரை ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓடுதளம் மூடியிருக்கும். தேதி முன்பே தெரியும் என்பதால் விமான நிறுவனங்கள் நேரத்தை மாற்றி அமைத்துவிடும். பயணிகள் தவிக்க வேண்டியதில்லை.

பயணத்தைக் கெடுக்கக்கூடியது மாசி மாதத்து ஆற்றுகால் பொங்கல். அன்று விமானம் நேரத்துக்குக் கிளம்பும், நீங்கள் போய்ச் சேருவதுதான் பாடு. நகரத்துச் சாலைகளில் பெண்கள் பொங்கலிடும் அடுப்பு வரிசைதான் கண்ணுக்குத் தெரியும். அன்றைக்கு விமானம் என்றால் புறவழிச்சாலையை நம்பி, இரண்டு மணி நேரம் கூடுதலாக வைத்துக் கிளம்புங்கள். கேரளத்தில் ஹர்த்தால் அறிவித்திருக்கிறார்களா என்று முந்தின நாள் செய்தியைப் பார்ப்பதும் நல்லது.

மதுரை, தூத்துக்குடி, கொச்சி, சென்னை வழியாகப் போனால்?

தூத்துக்குடி வாகைக்குளத்தில் உள்நாட்டு விமானங்கள் மட்டும்தான். மதுரை, குமரிக்காரர்களுக்கு லண்டன் பயணத்தில் எந்த லாபமும் தராது. கொச்சி நெடும்பாசேரியில் விமானங்கள் அதிகம், சில சமயம் டிக்கெட் விலையும் குறைவு. ஆனால் சாலையில் ஏழு மணி நேரம்.

சென்னை யோசிக்கத் தக்கது. அங்கிருந்து பிரிட்டிஷ் ஏர்வேஸ் நேரடியாக ஹீத்ரோ பறக்கிறது. தூரம் 8,230 கி.மீ. அளவு, சுமார் 11 மணி நேரம். 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய நாகர்கோவில்–சென்னை வந்தே பாரத் ரயில் ஒன்பது மணி நேரத்தில் எழும்பூர் சேர்க்கும். இடையில் சென்னையில் ஒரு ராத்திரி உறவினர் வீட்டில் தங்க முடியுமானால், விமானம் மாறப் பயப்படுகிற பெரியவர்களுக்கு இதுவே நல்ல வழி என்று சொல்வேன். இளவயதுக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் போதும்.

விமானம் மாற எவ்வளவு நேரம் இருந்தால் நல்லது?

இரண்டரை முதல் நாலு மணி நேரம். ஒன்றேகால் மணி நேர இணைப்பு விமான நிறுவன விதிப்படி சரியாக இருக்கலாம். ஆனால் முதல் விமானம் அரை மணி தாமதித்தால் வளைகுடா நிலையத்தின் நீள நடையில் ஓட வேண்டியிருக்கும். முட்டி வலிக்காரர்களுக்குச் சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே கேட்டு வையுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மொழி தெரியாத அப்பா அம்மாவுக்கு அந்த நாற்காலி தள்ளுகிறவரே வழிகாட்டியும் ஆகிவிடுவார்.

இரண்டு விமானங்களும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி நேரே லண்டன் போகும். இணைப்பு தவறினால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவதும் அவர்கள் பொறுப்பு. நாலாயிரம் ரூபாய் மிச்சம் என்று தனித்தனியாக எடுத்தால், இடையில் பெட்டியை எடுக்க வெளியே வர வேண்டும். அதற்கு அந்த நாட்டு விசா கேட்கலாம். இணைப்புத் தவறினால் புது டிக்கெட் உங்கள் செலவு.

திரும்பி வரும்போது எந்த நேரத்து விமானம் வசதி?

வளைகுடா வழி விமானங்கள் பலவும் திருவனந்தபுரத்தில் விடிவதற்கு முன் இறங்கும். 3 மணிக்கு இறங்கினால் பெட்டி எடுத்து வெளியே வர 4 ஆகிவிடும். அழைத்துப்போக வருகிறவர்கள் 2 மணிக்கு நாகர்கோவிலிலிருந்து கிளம்பினால் போதும்; 11 மணிக்கே வந்து கார் நிறுத்துமிடத்தில் கொசுக்கடி பட வேண்டியதில்லை. விமான எண்ணைக் கூகுளில் போட்டால் இறங்கும் நேரம் நிமிடக் கணக்கில் தெரியும், குளிர்காலத்தில் பின்காற்றால் இருபது நிமிடம் முன்னதாகவே வந்துவிடுவதும் உண்டு. 4 மணிக்குக் கிளம்பினால் சாலை காலி, தொடுவெட்டியில் சந்தை வண்டிகள் நெருக்குவதற்கு முன் தாண்டிவிடலாம்.